தலைமைப் பயிற்சி யாருக்கு?

சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் பச்சை காட்டுகிற நாட்களில், குத்தாலம் கடைத்தெருவில் கல்லூரி பஸ் ஒன்று வந்து நிற்பது புதிய காட்சி அல்ல. வாலிபர்களும் பெண்களும் இறங்குகிறார்கள். கையிலே மண்வெட்டி, தலையிலே தொப்பி, பின்னால் ஒரு துணிப் பதாகை. சுற்றுக் கிராமம் ஒன்றிலே ஏழு நாள் முகாம். ஒரு நாள் கோயில் குளம் சுத்தம், ஒரு நாள் மரக்கன்று, ஒரு நாள் கண் வைத்திய முகாம், ஒரு நாள் டெங்குக் கொசு ஊர்வலம். நடுவில் ஒரு நாள் காகிதமும் பேனாவுமாகச் சேரிக்குள் வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று கேள்வி கேட்கிறார்கள். எத்தனை பேர்? என்ன படிப்பு? கழிப்பறை உண்டா? எட்டாம் நாள் பஸ் போய்விடுகிறது. எழுதிய காகிதமும் அதோடு போய்விடுகிறது.

இதைச் சொல்லிக் கேலி பேச நாம் இந்தத் தலையங்கத்தை எழுதவில்லை. கண் முகாமில் பார்வை திரும்பிய கிழவிகள் நம் தெருக்களிலே இருக்கிறார்கள். வெயிலில் மண் சுமந்து கை கொப்புளித்த அந்தப் பிள்ளைகளைக் கண்டால் நமக்குப் பாசமே வருகிறது. அவர்களிலே பலர் நம் பிள்ளைகள். நடவு நட்டு, மூட்டை தூக்கி, வட்டிக்கு வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகள். நம் கேள்வி அவர்களைப் பார்த்து அல்ல, அவர்கள் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர்களைப் பார்த்து.

நாட்டு நலப்பணித் திட்டம் என்ற இந்த ஏற்பாடு 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டு வருஷத்தில், 37 பல்கலைக் கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும்; ஒரு விசேஷ முகாமுக்கும் போக வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. 2014-ல் மத்திய சர்க்கார், உயர்கல்வி நிலையங்கள் கிராமங்களைத் தத்து எடுக்கும் ‘உன்னத் பாரத் அபியான்’ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. 2022-ல் பல்கலைக் கழக மானியக் குழு, சமூகப் பொறுப்பையும் மக்களோடு கலந்து வேலை செய்வதையும் ஒரு பாடமாகவே வகுத்துக் கொடுத்தது. அதே 2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்ற பெயரில் 30 இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு இரண்டு வருஷ நிர்வாகப் பயிற்சி தர ஆரம்பித்தது. வெளிநாட்டிலோ இது தனிப் படிப்பு. ‘சர்வதேச அபிவிருத்திக் கல்வி’, ‘குடிமைத் தலைமை’ என்று பட்டமே உண்டு. ஏழை நாடுகளை எப்படி முன்னேற்றுவது என்று பணக்கார நாட்டுப் பல்கலைக் கழகங்களில் பாடம் நடக்கிறது.

தலைவர்களைத் தயார் செய்கிறோம் என்கிறார்கள். நல்லது. எதற்குத் தலைமை? யாருக்குத் தலைமை?

நம் நாட்டில் இப்படிப்பட்ட பழைய பயிற்சிக்கூடம் ஒன்று எது தெரியுமா? 1812-ல் சென்னையிலே எல்லிஸ் துரை முன்நின்று தொடங்கிய கோட்டைக் கல்லூரி. கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்களுக்கு அங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். நல்ல பண்டிதர்கள் இருந்தார்கள், நல்ல புத்தகங்களும் அச்சாயின, அதை மறுக்கவில்லை. ஆனால் துரைமார் தமிழ் படித்தது எதற்காக? குடியானவனோடு குசலம் விசாரிக்கவா? கிஸ்தி வசூலிக்க, வழக்குத் தீர்க்க, உத்தரவு போட. அந்தக் காலத்து ‘ஜமாபந்தி’ என்ற சொல் இன்றும் தாலூகா ஆபீஸ் வாசலில் தொங்குகிறது. சொல் மட்டுமா தொங்குகிறது என்பதை மனு கொடுத்துவிட்டுக் காத்து நின்றவர்களிடம் கேளுங்கள்.

கம்பெனி போயிற்று, ராஜாவும் போனார். 1949 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் பதவி ஏற்றபோது, பின்தங்கிய நாடுகளுக்குத் தங்கள் விஞ்ஞான அறிவைத் தருவோம் என்று நான்காவது அம்சமாக அறிவித்தார். ‘அபிவிருத்தி’ என்ற பெரும் படிப்பு அதன் பிறகே உலகமெங்கும் கிளை விட்டது. அந்தக் கிளைகளில் ஒன்று நேராக நம் வயலுக்கே வந்தது. 1960-ல் போர்டு பவுண்டேஷன் துணையோடு இந்தியாவில் ஏழு ஜில்லாக்களைப் பொறுக்கி எடுத்துத் தீவிர விவசாயத் திட்டம் ஆரம்பித்தார்கள். ‘பாக்கேஜ் திட்டம்’ என்றால் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். லூதியானா, மேற்கு கோதாவரி ஆகியவற்றோடு நம் தஞ்சை ஜில்லாவும் அந்த ஏழில் ஒன்று. விதை, உரம், பூச்சி மருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாக. பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான ஆடுதுறை 27 நெல் குறுவைக்கு வந்தது. மகசூல் கூடியது, சந்தேகமில்லை. அந்த விஞ்ஞானிகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் கட்டு யார் வீட்டில் இறங்கியது? நிலம் உள்ளவன் வீட்டில். கடனுக்கு ஜாமீன் காட்ட முடிந்தவன் வீட்டில். நாற்று பறித்தவள், நட்டவள், அறுத்தவன், களத்தில் அடித்தவன் ஆகியோருக்கு நிபுணர்களின் திட்டத்தில் என்ன இடம்? கூடுதலாக விளைந்ததில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பாக்கேஜ் திட்டம் வந்து எட்டு வருஷம் ஆன பிறகு, பாக்கேஜ் ஜில்லாவிலே நடந்தது இது. எந்த அபிவிருத்திப் பாடத்தின் எந்த அத்தியாயத்தில் இதைச் சேர்ப்பார்கள்?

சேர்த்தவர்களும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேராசிரியை பிரான்சின் பிராங்கெல், தஞ்சை உட்பட ஐந்து ஜில்லாக்களைப் பார்த்து 1971-ல் ஒரு நூல் வெளியிட்டார். பசுமைப் புரட்சியின் பொருளாதார லாபங்கள் ஒரு பக்கம், அரசியல் விலை மறுபக்கம் என்று தலைப்பிலேயே தராசு பிடித்தார். அவருக்கு முன்னால், 1951-லேயே இங்கு வந்தவர் காத்லீன் கஃப். இங்கிலாந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர். தஞ்சைக் கிராமம் ஒன்றிலே தங்கி, அதற்குக் கும்பாப்பேட்டை என்று மாற்றுப்பெயர் கொடுத்து, பண்ணையாட்களின் வாழ்வை எழுதினார். 1976-ல் திரும்பவும் வந்து, கால் நூற்றாண்டில் என்ன மாறியது என்று பார்த்தார். மானிடவியலே ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று தன் துறையைப் பார்த்துச் சொன்னவர் அவர். நியாயத்தின் பக்கம் பேசியதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் தொல்லைப்பட்டார். ஏடு தூக்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இன்னொருவர் நம்மவர். மைதிலி சிவராமன். அமெரிக்காவிலே சிரக்கூஸ் பல்கலைக் கழகத்தில் படித்தவர். ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியத் தூதுக்குழுவின் அலுவலகத்தில், அடிமை நாடுகளின் விடுதலை சம்பந்தமான ஆராய்ச்சி வேலை பார்த்தவர். இன்றைய பாஷையில் சொன்னால் ‘சர்வதேச அபிவிருத்தி’ படித்து முடித்து, உத்தியோகமும் கிடைத்தவர். 1968-ல் ஊர் திரும்பினார். வெண்மணிச் சாம்பலைப் பார்த்தார், உயிரோடு மிஞ்சியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார், கேட்டதை எழுதினார். எழுதியதோடு அவர் விமானம் ஏறிப் போய்விடவில்லை. சென்னையிலே ஆலைத் தொழிலாளர் மத்தியிலும் பிறகு மாதர் இயக்கத்திலும் வாழ்நாளைக் கழித்தார். 2021 மே மாதம் கொரோனாவில் மறைந்தார். வெண்மணி பற்றி வெளி உலகம் ஆங்கிலத்தில் அறிந்ததில் பெரும் பங்கு அவர் எழுத்து. பல்கலைக் கழகம் ஒரு மனிதருக்குத் தர வேண்டியதைத் தந்தது. மீதியை வெண்மணித் தெரு தந்தது.

காந்தியவாதிகளோடு நமக்குத் தகராறு ஆயிரம் உண்டு. ஆனாலும் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நேர்மை அல்ல. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அமைத்த அந்த ஸ்தாபனம், 1956-ல் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976-ல் பல்கலைக் கழக அந்தஸ்தும் பெற்றது. கிராமத்தை விட்டு ஓடுவதற்கு அல்ல, கிராமத்தில் வேலை செய்வதற்குப் படிப்பு என்றார்கள். நிலம் யாருக்கு என்ற கேள்வியை மனமாற்றத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது நம் விமர்சனம். நோக்கம் நல்ல நோக்கம்.

உலகத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1960-ல் மாஸ்கோவிலே ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்காக மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் திறந்தார்கள். மறு வருஷம் காங்கோவின் லுமும்பா கொலையுண்டபோது அவர் பெயரை அதற்குச் சூட்டினார்கள். சம்பளம் இல்லாத படிப்பு, கைச்செலவுக்கு உதவித்தொகை. டாக்டர்களாகவும் என்ஜினீயர்களாகவும் பலர் தங்கள் தேசம் திரும்பினார்கள். 1992-ல் லுமும்பா பெயரை எடுத்தார்கள். 2023-ல் மறுபடி வைத்தார்கள். பெயர்ப்பலகையின் கதை எப்படியோ போகட்டும். ஏழை நாட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ‘உன் நாட்டுக்கு நீயே டாக்டராகு’ என்றது ஒரு முறை. ‘உன் நாட்டைப் பற்றி ஆராய நான் வருகிறேன்’ என்பது வேறொரு முறை.

காகிதத்தில் இல்லாத கேள்விகள்

திரும்பவும் குத்தாலத்துக்கு வருவோம். அந்தக் கேள்விக் காகிதத்தை நாம் வாங்கிப் பார்த்திருக்கிறோம். கழிப்பறை உண்டா என்ற கேள்வி இருக்கிறது. கழிப்பறை கட்ட நினைக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி இல்லை. டெல்டாவிலே எத்தனை தெருக்கள் கோயில் மனையில் இருக்கின்றன! மூன்று தலைமுறை குடியிருந்தும் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் வீட்டுக் கடன் கிடையாது. 1971-ல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம் விவசாயத் தொழிலாளியின் மனையை அவனுக்கே சொந்தமாக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்ட மாணவர் எத்தனை பேர்? 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எப்படி வந்தது, யார் சிறை சென்றதால் வந்தது, சாணிப்பாலும் சவுக்கடியும் எப்படிப் போயின என்பது எந்தப் பாடத்தில் இருக்கிறது? கன்னட நாட்டில் பிறந்து, தமிழ் கற்று, 1961-ல் சாகும்வரை இந்த மண்ணின் பண்ணையாட்களை நிமிர்த்திய பி. சீனிவாசராவ், எந்தத் தலைமைப் பயிற்சி வகுப்பில் உதாரணமாகச் சொல்லப்படுகிறார்?

காகிதத்தில் ‘தொழில்: கூலி’ என்று ஒரு கட்டம் உண்டு. அத்தோடு முடிந்தது. அறுவடை மெஷின் வந்த பிறகு வருஷத்தில் எத்தனை நாள் வேலை? ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன? கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன் கையில் என்ன மிஞ்சுகிறது? திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போன மகள் மாதம் எவ்வளவு அனுப்புகிறாள், அவளுக்குச் சேம நிதி பிடிக்கிறார்களா? 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாகச் சுருட்டி 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கினார்களே, அதனால் அவள் வேலைக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு யார் படித்துச் சொன்னார்கள்? ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஐம்பது பிள்ளைகள் ஒரு வாரம் ஊரில் இருக்கிறார்கள். அதில் இரண்டு மாலைப்பொழுது போதாதா?

சொன்னால் ‘அரசியல் வேண்டாம்’ என்று அவர்கள் வாயை மூடுகிறார்கள். குடிமைத் தலைமை வேண்டும், ஆனால் அரசியல் வேண்டாம்! இது நெல் வேண்டும், சேறு வேண்டாம் என்பது போல இருக்கிறது. 2017 ஜூன் மாதக் கடைசியில், இங்கிருந்து சில மைல் தூரத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. கேட்ட ஜனங்கள் மீது தடியடி, பலர் கைது. அந்த ஊருக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தாள் ஒரு பல்கலைக் கழக மாணவி. முன்பின் தெரியாத ஊருக்காக வெயிலில் நின்று காகிதம் கொடுத்தாள். அவள் மீது குண்டர் சட்டம் போட்டார்கள். பல்கலைக் கழகமும் அவளை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் ஐகோர்ட் அந்தக் காவலை ரத்து செய்தது. மாணவர் கையில் மண்வெட்டி இருந்தால் சேவை. துண்டுப் பிரசுரம் இருந்தால் குண்டர்! தலைமைப் பயிற்சி தரும் பெரியோர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் 240 மணி நேரக் கணக்கில் அந்தப் பெண் சேலத்தில் நின்ற நேரத்தைச் சேர்ப்பீர்களா?

மெய்யான பள்ளிக்கூடம்

தலைமையைக் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் நம் ஊரிலேயே சட்டப்படி இருக்கிறது. அதன் பெயர் கிராம சபை. வருஷத்துக்கு நாலு தடவை என்று இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. (மே தினமும் அதில் இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படலாம்.) குத்தாலம் பேரூராட்சி என்பதால் இது அதற்குப் பொருந்தாது, சுற்றியுள்ள கிராம ஊராட்சிகள் அத்தனைக்கும் பொருந்தும். வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எவரும் அதில் உறுப்பினர். பட்டம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கொடுத்த கட்டணம் லேசானதல்ல. மதுரை ஜில்லா மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தோழர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30-ல் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷ காலம் தலித் ஒருவர் நாற்காலியில் உட்கார விடவில்லை. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமாயிற்று. களை பறித்துவிட்டுச் சேற்றுக் காலோடு ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்த பெண்கள், வந்த வருஷம் பேசாமல் உட்கார்ந்து, மறு வருஷம் கணக்குக் கேட்டதை நாம் பார்த்திருக்கிறோம். எந்தப் பல்கலைக் கழகமும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பூட்டுப் போடத் தெரியும் சர்க்காருக்கு. 2025 ஜனவரி 5-ல் நம் மயிலாடுதுறை உட்பட 28 ஜில்லாக்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தார்கள். ஒரு பக்கம் குடிமைத் தலைவர்களுக்குப் பயிற்சி. மறுபக்கம் குடிகள் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லாத ஊராட்சி.

நாம் கேட்பது அதிகமில்லை. முகாம் ஊர் நடுப் பள்ளிக்கூடத்தில் மட்டும் நடக்க வேண்டாம். நம் தெருவிலே தங்கட்டும், நம் அடுப்பிலே சாப்பிடட்டும். ஏழு நாள் சேர்ந்து சாப்பிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம். நம்மிடம் எழுதி வாங்கியதை, அடுத்த கிராம சபையில் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். நம் வீட்டுக் கணக்கு நமக்குத் தெரியாமல் ஆராய்ச்சிக் கட்டுரையாவது என்ன நியாயம்? கூலிச் சட்டம், மனைச் சட்டம், ஊராட்சிச் சட்டம் ஆகிய மூன்றையும் முகாமுக்கு வருமுன் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலமைச்சரின் புத்தாய்வு போன்ற பயிற்சிகளில், விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளைப் பல்கலைக் கழகங்களுக்கும் சர்க்காருக்கும் நாம் பகிரங்கமாக வைக்கிறோம்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ் வந்ததும் ‘ஓட்டுக்கு வராதவர்கள், நமக்கென்ன’ என்று ஒதுங்கிப் போகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அது தவறு. பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வையுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு காகிதத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதில் மனை யாருடையது, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறோம், பட்டா உண்டா, வேலை எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். பட்டா மனுவை நல்ல தமிழில் எழுதித் தர அவர்களால் முடியும். மூன்று நாளில் ஒரு தெருவுக்கு எழுதி முடித்துவிடலாம். நாலாம் நாள் காலையில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாலூகா ஆபீஸ் குத்தாலத்திலேயேதான் இருக்கிறது.